இரண்டு தண்ணீருக்கும் ஒரே கழி

அவரைத் தராசு என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். பெயர் வைத்தவர் பேக்கரி மாஸ்டர்.

ஒருநாள் காலை பேக்கரியின் சாமான் லிஃப்ட் இரண்டு தளங்களுக்கு நடுவே நின்றுவிட்டது. உள்ளே சூடு ஆறாத ரொட்டித் தட்டுகள். கீழே சைக்கிளிலும் வேனிலும் வந்து காத்திருந்த கடைக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மெக்கானிக் வந்தார். எதற்கும் அவசரப்படாமல் இயந்திர அறைக்குள் போய், கயிறுகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்.

வெளியே வந்து, "எவ்வளவு ஏத்தினீங்க?" என்று கேட்டார்.

"லிஃப்ட் பலகையில போட்டிருக்கிற எடையைவிடக் கம்மிதான்" என்றார் மாஸ்டர்.

"பலகை மாட்டின வருஷம் கயிறு புதுசு. இன்னைக்குக் கயித்துக்கு என்ன தெம்பு இருக்கோ அதுக்குத்தான் ஏத்தணும். பலகையைப் பாத்து ஏத்தக்கூடாது."

மாஸ்டருக்கு ஆத்திரமும் வந்தது, சிரிப்பும் வந்தது. மேசையில் கிடந்த மாவு உருண்டை ஒன்றை எடுத்து அவர் பக்கம் வீசினார். "பெரிய நிபுணர்! இது எவ்வளவு இருக்கும், சொல்லு பாப்போம்."

மெக்கானிக் உள்ளங்கையை மேல்நோக்கி விரித்து உருண்டையை ஒருமுறை ஏற்றி இறக்கினார். ஓர் எடை சொன்னார். மாஸ்டர் உருண்டையைத் தராசில் வைத்தார். முள் அந்த எடையிலேயே போய் நின்றது.

"யோவ் தராசு!" என்று மாஸ்டர் கத்தினார். அதற்குப் பிறகு மெக்கானிக்கின் சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது.

தராசு பெரிய மனிதர் என்று சொல்ல வரவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அக்கா வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்தார். பேச்சில் கருமி. ஆறுதல் சொல்லத் தெரியாது. துக்க வீட்டுக்குப் போனால், அழுகிறவர்களைப் பார்க்காமல் மின்விசிறி ஏன் கடகடவென்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். "உனக்கு வாயைக் கடவுள் சாப்பிட மட்டும்தான் குடுத்தான்" என்பாள் அக்கா. பொய் சொல்லாதவர் என்று அவருக்கு ஒரு பேர் உண்டு. அதையும் உடனே புண்ணியத்தில் சேர்த்துவிட வேண்டியதில்லை. பொய்க்குக் கொஞ்சமாவது பேச்சு வேண்டும். அது அவரிடம் இல்லை என்பதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அந்த ஊருக்கு இரண்டு பக்கமும் தண்ணீர். கிழக்கே ஆறு கடலில் கலக்கும் கழிமுகம். மேற்கே ஒரு பெரிய ஏரி. மாஸ்டர் கழிமுகத்துக்காரர். தராசு ஏரிக்காரர். விடுமுறை நாள்களை ஒரு வாரம் உனக்கு, ஒரு வாரம் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். பேக்கரி வேனில் போவார்கள். போகும் வழியெல்லாம் சண்டை.

"ஏரி மீனுக்கு ரோஷமே கிடையாதுய்யா. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி அசையாமக் கிடக்கும். இழுத்தா வரும்."

"கடல் மீனுக்கு மூளை கிடையாது. எதைப் போட்டாலும் கடிக்கும். உன்னை மாதிரி."

சண்டையில் விஷயமும் இருந்தது. கழிமுகத்தில் நீரோட்டம் இழுக்கும். கனமான ஈயத்தைக் கட்டித் தூர வீச வேண்டும். கொடுவா மீன் கொக்கியில் மாட்டினால் நேராகப் பாலத்துத் தூண்களுக்கிடையே ஓடும். அதைத் திருப்ப நீளமான, விறைப்பான தூண்டில் கழி வேண்டும், கழியைப் பிடிக்கத் தடித்த முன்கை வேண்டும். ஏரியில் அப்படியில்லை. கெண்டை இரையை வாயில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடும். அந்தத் தொடுதல் கைக்குத் தெரிய வேண்டுமானால் கழி குட்டையாக, லேசாக, நுனி புல்லைப் போல இருக்க வேண்டும். மாஸ்டரிடம் முதல் வகை இருந்தது, தராசிடம் இரண்டாவது. அடுத்தவர் தண்ணீருக்கென்று ஆளுக்கு ஓர் இரவல் கழியும் உண்டு. எனவே இருவரும் எப்போதும் இரண்டிரண்டு கழிகளைச் சுமந்துகொண்டு போனார்கள்.

புதுக் கழி வாங்கும்போது அவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. கடையிலேயே ஒருவர் பிடியைப் பிடித்துக்கொள்வார். மற்றவர் நுனியைப் பிடித்து, மீன் இழுப்பதைப் போல் கீழே இழுப்பார். கழி எந்த இடத்தில் வளைகிறது, அந்த வளைவு பிடித்திருக்கும் கையை என்ன செய்கிறது என்று பார்ப்பார்கள். அப்படிச் சோதிக்காமல் இருவரில் யாரும் ஒரு கழியையும் வாங்கியதில்லை.

கழிமுகத்திலிருந்து திரும்பிய நாள்களில் இன்னொரு வேலை உண்டு. அது மாஸ்டரின் மனைவியுடையது. உப்பு, கழியின் வளையங்களைத் தின்றுவிடும். அவள் பின்கட்டுக் குழாயடியில் கழியை நல்ல தண்ணீரில் கழுவி, பழைய துணியால் ஒவ்வொரு வளையமாகத் துடைப்பாள். பிறகு விரலால் தொட்டு நாக்கில் வைத்து, உப்பு போய்விட்டதா என்று பார்ப்பாள்.

"என்னை இப்படி ஒருநாள் கவனிச்சிருக்கியா?" என்பார் மாஸ்டர்.

"அது எதிர்த்துப் பேசாதுங்க."

தராசு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அவளைத் தங்கச்சி என்பார். மாஸ்டருக்கும் அவளுக்கும் குழந்தைகள் இல்லை. அந்த வீட்டில் தராசுக்கென்று ஒரு டம்ளர் தனியாக இருந்தது.

ஒரு வாரம் மாஸ்டர் வேன் கதவை அடித்துச் சாத்தினார். நடுவில் தன் கழி இருந்ததைக் கவனிக்கவில்லை. அது இரண்டாக முறிந்தது. மாஸ்டர் அப்படிக் கவனம் தப்புகிறவர் இல்லை. அன்று காலை முழுவதும் அவருக்கு வயிற்றில் வலி இருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

பரிசோதனைகளுக்குப் பிறகு மாஸ்டரிடம் குடலில் புண் என்று சொன்னார்கள். மருந்து சாப்பிட்டு ஓய்வெடுத்தால் ஆறிவிடும். பேக்கரியைக் கொஞ்ச நாளைக்கு மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். மாஸ்டர் தலையாட்டினார்.

உண்மையை மாஸ்டரின் மனைவி தராசிடம் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் வைத்துச் சொன்னாள். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவர்களை இடித்துக்கொண்டு போனார்கள்.

"புண் இல்லண்ணா. புத்துநோய். கல்லீரல்வரைக்கும் போயிடுச்சாம். கத்தி வைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

தராசு கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அவருக்குத் தெரியக்கூடாதுண்ணா. எங்க பெரியண்ணனுக்கு இதே வியாதிதான். டாக்டர் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டார். அன்னைக்கு வீட்டுக்கு வந்து சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான். அதுக்கப்புறம் சோத்தைத் தொடல, எங்க முகத்தையும் பாக்கல. நோய் கொல்றதுக்கு முன்னாடி அந்தச் சொல்லு கொன்னுடுச்சு. இவரையாவது கடைசிவரைக்கும் சிரிச்சுக்கிட்டே வெச்சிருக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். பொய் சொல்ல வேணாம். சொல்லாம இருந்தாப் போதும்."

சொல்லாமலிருப்பது அவரால் முடியும். வாழ்நாள் முழுவதும் அவர் செய்துவந்தது அதுதான். "சொல்ல மாட்டேன்மா" என்றார்.

சில வாரங்கள் அது ஒழுங்காகத்தான் நடந்தது. வேலை முடிந்து மாலையில் அந்த வீட்டுக்குப் போவார். மாஸ்டர் ஜன்னலோரம் நாற்காலியில், முதுகுக்கு ஒரு தலையணை வைத்து உட்கார்ந்திருப்பார். மாஸ்டர் பேசுவார், தராசு கேட்பார். அந்த வீட்டில் வழக்கமே அதுதான் என்பதால் யாருக்கும் எதுவும் வித்தியாசமாகத் தெரியவில்லை.

ஒருநாள் மாலை மாஸ்டர் குளியலறையில் முக்காலியில் உட்கார்ந்தவர், எழுந்திருக்க முடியாமல் கூப்பிட்டார். தராசு உள்ளே போய் அக்குள்களில் கைகொடுத்துத் தூக்கினார். கனமாக இருக்கும் என்று கால்களை அகட்டி நின்று தூக்கியவர், கையில் வந்த எடையைக் கண்டு ஒரு கணம் தடுமாறிப்போனார். மாவு மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடி ஏறிய உடம்பு அது.

"என்னய்யா, மாலை போட்டுத் தூக்குற மாதிரி மெதுவா தூக்குற?" என்றார் மாஸ்டர்.

கை அதன் பாட்டுக்கு எடை போட்டுவிட்டிருந்தது. அந்த எடையைத் தராசு யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம்தான் மாஸ்டர் அந்தக் காரியத்தைச் சொன்னார்.

"தூண்டில் ராடு ஒண்ணு வாங்கணும். பழசு போச்சு. இனிமே ரெண்டு ரெண்டா சுமக்கிற வேலையெல்லாம் வேணாம். கழிமுகத்துக்கும் அதான், ஏரிக்கும் அதான். ரெண்டு தண்ணிக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரே ராடு. புண்ணு ஆறட்டும், முதல் வாரம் உன் ஏரிக்கே வரேன். போதுமா?"

"நீயும் வந்து பாத்து எடுக்கணுமே."

"கடையில போய் நிக்க முடியாதுய்யா, கால் கடுக்குது. நீ போ. உன் கை பாத்தா என் கை பாத்த மாதிரிதான்."

மாஸ்டரின் மனைவி கதவருகே நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம். ராடு கேட்கிறார் என்றால் இன்னும் நம்புகிறார் என்று அர்த்தம். அவள் தராசைப் பார்த்த பார்வையில், சீக்கிரம் போய் வாங்கிவாருங்கள் என்ற கெஞ்சல் இருந்தது.

தூண்டில் கடையை நடத்தியவள் நடுவயது தாண்டிய ஒரு பெண். இடம் குறுகலான கடை. கழிகள் சுவரோரம் மூங்கில் புதரைப் போல நிற்கும். நைலான் நரம்புக் கண்டுகளும் ரப்பர் புழுக்களும் கண்ணாடிப் பெட்டிகளில் இருக்கும். வாடிக்கையாளர்களை அவள் மீன் பெயரால் நினைவு வைத்திருந்தாள்.

"வாங்க கெண்டை. கொடுவா எங்க, வரலையா?"

"உடம்பு சரியில்ல. அவருக்குத்தான் ராடு. ரெண்டு தண்ணிக்கும் ஒண்ணு."

"ரெண்டு தண்ணிக்குமா? எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. எல்லாத்துக்கும் ஆகுற மாதிரின்னு மருமகன் தேடுற கதைதான்." பேசிக்கொண்டே ஒரு கழியை உருவி நீட்டினாள். "ஏழடி. நடுத்தர பலம். அடி விறைப்பு, நுனி மட்டும் வேகமா வளையும். கொடுவா இழுத்தா இடுப்பு தாங்கும், கெண்டை மூச்சு விட்டா நுனி சொல்லும். வளையம் உப்புல துருப்பிடிக்காது. ரெண்டு துண்டா கழட்டிக்கலாம். ரெண்டு தண்ணிக்கும் பொது அப்படின்னா இதுதான். இதுக்கு அந்தப் பக்கம் போனா ஏரிக்கு முரடு, இந்தப் பக்கம் வந்தா கடலுக்கு நோஞ்சான்."

தராசு வாங்கி, பிடியைப் பிடித்து நின்றார். அவள் நுனியைப் பிடித்து இழுத்தாள். சரியான கழி. மாஸ்டர் கேட்டதைச் செய்து வைத்ததைப் போல இருந்தது. அவர் அதை முன்கைமேல் வைத்து ஏற்றி இறக்கினார். மறுபடியும் ஏற்றி இறக்கினார். பிறகு சுவரில் சாய்த்துவைத்தார்.

"இதைவிட லேசா இருக்கா?"

"லேசு இருக்கு. ஆறடி. ஆனா கழிமுகத்துல பெருசு ஏதாவது மாட்டினா கரையில உக்காந்து அழ வேண்டியதுதான்."

"பரவாயில்ல. சின்ன மீனுக்கு ஆகும்ல?"

"ஆகும். ரெண்டு இடத்துலயும் சின்னதுக்கு ஆகும்." அவள் அவரைப் பார்த்தாள். "கொடுவாவுக்குத்தானே கேட்டீங்க? அவர் கை உலக்கை மாதிரி இருக்குமே?"

தராசு ஆறடிக் கழியைக் கையில் எடுத்தார். பிடி வழவழப்பான கார்க். எடையே இல்லை. நீட்டிப் பிடித்தாலும் மணிக்கட்டு நோகாது. உட்கார்ந்தபடியே வீசலாம். அவருக்கு நிம்மதியாக இருந்தது. இது நல்ல கழி, இது மாஸ்டருக்குச் சுகமாக இருக்கும் என்றுதான் நினைத்தார். அதற்கு மேல் எதையும் அவர் யோசிக்கவில்லை என்பதை நம்பலாம். முப்பது வருஷமாக அந்தக் கை, கயிற்றின் இன்றைய தெம்பைத்தான் பார்த்துவந்தது. பலகையைப் பார்க்க அதற்குத் தெரியாது.

மாஸ்டர் சிறுபிள்ளையைப் போல உறையைக் கிழித்தார். "கார்க் பிடி! யோவ், என்னை ராஜாவாக்கிட்ட." இரண்டு துண்டுகளையும் பொருத்தித் திருகினார். பிடியைப் பிடித்துக்கொண்டு நுனியை நீட்டினார். "ம், இழு."

தராசு நுனியைப் பிடித்து இழுத்தார். கழி பாதியிலிருந்தே வளைந்து வில்லானது. மாஸ்டர் வளைவைப் பார்த்தார். பிறகு அந்த வளைவை எளிதாகத் தாங்கிக்கொண்டிருந்த தன்னுடைய முன்கையைப் பார்த்தார். தோல் தளர்ந்து எலும்பு தெரிந்தது. அவர் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, எடுத்துவைக்க மறந்த பாத்திரத்தைப் போல.

"விடு" என்றார்.

சமையலறையில் குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"ஏழடி இல்லையா கடையில?"

"இருந்துச்சு."

"எடுத்துப் பாத்தியா?"

"பாத்தேன்."

"நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அப்புறம்?"

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் தப்பித்திருப்பார்கள். கடைசிக் கழியை வேறொருத்தர் கேட்டுவைத்திருந்தார், நுனியில் ஒரு கீறல் இருந்தது என்று என்னென்னவோ சொல்லியிருக்கலாம். தராசு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாஸ்டர் கழியை மடியில் கிடத்தினார். "பலகையைப் பாத்து ஏத்தலை. கயித்தைப் பாத்து ஏத்தியிருக்க" என்றார் மெதுவாக.

"யோவ், அப்படியெல்லாம்..."

"சொல்லாத. அவ உன்கிட்ட சத்தியம் வாங்கியிருப்பா. நீ வாயால ஒண்ணும் சொல்லல. உன் சத்தியம் பத்திரமா இருக்கு." ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். எதிர்வீட்டு மாடியில் யாரோ துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். "எனக்கும் சந்தேகம் இருந்துச்சுய்யா. புண்ணுக்கு எதுக்கு இவ்வளவு மாத்திரைன்னு. ஆனா சந்தேகம்னா அதுல பாதி நமக்குச் சாதகமா இருக்கும்ல. அந்தப் பாதியை வெச்சு ஓட்டிக்கிட்டிருந்தேன்."

அந்தப் பாதியைப் பிடுங்கிவிட்டோம் என்பது தராசுக்குப் புரிந்தது.

மாஸ்டர் கழியை அவர் பக்கம் நீட்டி, "மாத்திட்டு வா" என்றார்.

"என்ன?"

"ஏழடியா மாத்திட்டு வா. இந்தக் குச்சியை இங்க வெச்சிருந்தா அவளும் ஒருநாள் இதைக் கையில எடுப்பா. கழுவிக் கழுவி அவளுக்கும் ராடு தெரியும். என் புருஷன் இவ்வளவு லேசா ஒண்ணை எப்படி ஏத்துக்கிட்டார்னு யோசிப்பா. எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவளுக்குத் தெரியவே கூடாது. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுத்தான் அவ ராத்திரி கண்ணை மூடுறா."

அப்போது அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்னங்க, பிடிச்சிருக்கா?"

"எங்க பிடிக்கிறது? இதுல தவளைதான் பிடிக்கலாம்" என்று மாஸ்டர் குரலை உயர்த்தினார். "நோயாளின்னு முடிவே பண்ணிட்டான் இந்த ஆளு! ஏழடியா, நல்ல முரடா ஒண்ணு மாத்திட்டு வரச் சொல்லியிருக்கேன். புண்ணு ஆறினதும் இவனையே தூண்டில்ல கோத்து வீசுறேனா இல்லையா பாரு."

அவள் சிரித்தாள். பல வாரங்களுக்குப் பிறகு சத்தமாகச் சிரித்தாள். "அவர் சொல்றபடி வாங்கிட்டு வந்துடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"பாத்தியா" என்றார் மாஸ்டர், தணிந்த குரலில். "எவ்வளவு சந்தோஷம்."

ஏழடிக் கழி வந்தது. ஜன்னலோரச் சுவரில், நாற்காலிக்குப் பக்கத்தில் சாய்த்துவைக்கப்பட்டது. அவள் அறைக்குள் இருக்கும்போதெல்லாம் மாஸ்டர் அதைப் பற்றியே பேசினார். எந்த நரம்பு கட்டலாம், எந்த ஈயம் போடலாம், முதலில் ஏரியா கழிமுகமா. தராசும் தன் பங்குக்கு, "ஏரிதான். நீதானே சொன்ன" என்பார். அவருக்கு அதற்கு மேல் நடிப்பு வராது. அவ்வளவே போதுமாகவும் இருந்தது. அவள் வெளியே போனதும் இருவரும் பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

ஒருநாள் மாஸ்டர் கழிமுகத்துக்குப் போக வேண்டும் என்றார். அவளும் அனுப்பிவைத்தாள், தலையணை, போர்வை, வெந்நீர்க் குடுவை, தொப்பி என்று வேனை நிரப்பினாள். தராசு வேனை ஓட்டினார். தண்ணீருக்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு பக்கத்தில் நிறுத்திப் பக்கக் கதவைத் திறந்துவைத்தார்.

கடலேற்றம் வடிந்துகொண்டிருந்தது. பாலத்துத் தூண்களைச் சுற்றித் தண்ணீர் சுழித்தது. மாஸ்டர் கழியை இரண்டு கைகளாலும் தூக்கப் பார்த்தார். நுனி கதவு விளிம்பைத் தாண்டி எழவில்லை.

"நான் வீசிக் கையில குடுக்கட்டுமா?" என்றார் தராசு.

"வேணாம். நீ வீசினா அது உன் மீனாயிடும். அப்புறம் காலம்பூராச் சொல்லிக் காட்டுவ." காலம்பூரா என்று சொன்னதும் அவரே லேசாகச் சிரித்துக்கொண்டார்.

கழியை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி இருந்தார்கள். வெயில் சாய்ந்தது. கிளம்பும்போதுதான் மாஸ்டருக்கு அது நினைவு வந்தது.

"யோவ், ராடு நனையவே இல்லையே. அவ குழாயடிக்குக் கொண்டுபோவா. விரலை வெச்சு நாக்குல பாப்பா. உப்பு இருக்கணும்."

தராசு கழியை வாங்கிக்கொண்டு இறங்கினார். முழங்காலளவு தண்ணீரில் நின்று, நுனியிலிருந்து பிடிவரை உப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தார். ஒவ்வொரு வளையமும் நனைந்ததா என்று பார்த்தார். அப்படி நிற்கும்போது மாஸ்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது அவருக்கு வசதியாக இருந்தது.

"மீன் எங்கன்னு கேப்பா" என்றார் மாஸ்டர், அவர் திரும்பி வந்ததும். "ஒண்ணு மாட்டுச்சு, தூணுக்குள்ள ஓடி அறுத்துக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லுவோம். எவ்வளவு சொல்லலாம்?"

"ஒரு கிலோ."

"ஒரு கிலோ மீன் நரம்பை அறுக்குமா? அறிவு கெட்டவனே. ரெண்டு."

"சரி, ரெண்டு."

"ரெண்டுன்னு நீ சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டா. நீ சொன்னா தராசு சொன்ன மாதிரி."

வீட்டில் அவள் வாசலுக்கே ஓடிவந்தாள். மாஸ்டர் வேனிலிருந்து இறங்குவதற்கு முன்பே, "மூணு கிலோ! கையில வந்ததை விட்டுட்டேன்!" என்று கத்தினார். தராசு திகைத்துப்போய் அவரைப் பார்த்தார். அவள் தராசின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார். அவள் கழியை வாங்கிக் குழாயடிக்குக் கொண்டுபோய்க் கழுவி, வளையம் வளையமாகத் துடைத்தாள். விரலைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை கழுவினாள்.

அதன்பிறகு மாஸ்டர் எங்கும் போகவில்லை. மழைக்காலம் தொடங்கியபோது இறந்துபோனார். கடைசி நாள்களில்கூட அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுக்கவில்லை. அவள் இருக்கும் பக்கம் பார்த்தே படுத்திருந்தார் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். அது உண்மை. அதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது ஒருவருக்குத்தான் தெரியும்.

துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம் போய் வீடு அடங்கிய பிறகு, ஒருநாள் அவள் தராசைக் கூப்பிட்டு அனுப்பினாள். அவருடைய டம்ளரில் தேநீர் வைத்தாள். சுவரில் சாய்ந்திருந்த கழியை எடுத்து வந்து அவர் முன்னால் நீட்டினாள்.

"இது உங்ககிட்டதான் இருக்கணும்ணா. ரெண்டு தண்ணிக்கும் ஆகும்னுதானே வாங்கினீங்க."

அவர் வாங்கிக்கொண்டார். கை வழக்கம்போல் அதை ஏற்றி இறக்கவில்லை. வெறுமனே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். உங்களைத் தவிர வேற யாரையும் கேக்க முடியாது." அவள் எதிரில் தரையில் உட்கார்ந்தாள். "அவருக்குக் கடைசிவரைக்கும் தெரியாதுதானே? லேசானது வேணாம், முரடா வேணும்னு திருப்பி அனுப்பினாரே. தெரிஞ்சிருந்தா அப்படிக் கேட்டிருப்பாரா? நான் அதையே நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கிறேன். ஆனா சில நேரம் பயமா இருக்கு. தெரிஞ்சும் எனக்காகத் தனியாவே தூக்கிச் சுமந்தாரோன்னு."

தராசு அவளைப் பார்த்தார். அவளைச் சுவர்ப்பக்கம் திரும்ப வைப்பதற்கு ஒரு சொல் போதும். சொல்லாமலிருந்தாலும் போதும், அவருடைய மௌனத்தின் அர்த்தம் அவளுக்குத் தெரியும். அவருக்குப் பழக்கமான அந்த இடத்தில் இந்த முறை ஒளிந்துகொள்ள முடியாது.

"தெரியாதும்மா" என்றார். "தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லியிருப்பார். அவர் வாயில எது நின்னுச்சு?"

அவள் கொஞ்சம் சிரித்தாள். கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "ஆமா. அவர் வாய் அப்படித்தான்." பிறகு, இன்னும் முழுதாகக் கரைசேராதவளைப் போல, "அந்த மீன்கூட மூணு கிலோன்னாரே. அவர் எப்பவும் கூட்டித்தான் சொல்வார். நீங்க சொல்லுங்க. நிஜமா எவ்வளவு இருக்கும்?" என்றாள்.

தராசின் வலது கை மடியிலிருந்து எழுந்தது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்தது. காற்றில் மெதுவாக ஒருமுறை ஏறி இறங்கியது. அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணுக்குக் கொஞ்சம் மேலயே இருக்கும்மா" என்றார்.